விமானத்தின் பின்னே நீளும் வெள்ளைக்கோடு: ஒன்று உடனே மறைவதும் ஒன்று மணிக்கணக்கில் நிற்பதும் ஏன்?

தெளிந்த வானில் உயரப் பறக்கும் விமானத்தின் பின்னால் வெண்ணிறக் கோடு நீள்வதைப் பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள். சில நாள்களில் அந்தக் கோடு குட்டையான வாலைப்போல் விமானத்தோடு ஒட்டி நகர்ந்து, விமானம் கண்ணிலிருந்து மறையும்போது தானும் மறைந்துவிடுகிறது. வேறு சில நாள்களிலோ, வானத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நீண்டு, மணிக்கணக்கில் கலையாமல் நின்று, மெல்ல மெல்ல அகன்று, இயற்கையான மேகத்திலிருந்து பிரித்தறிய முடியாதபடி பரவிவிடுகிறது. ஒரே வானத்தில், சில நிமிட இடைவெளியில், ஒரு விமானம் கோடு இழுப்பதும் இன்னொன்று சுவடே இல்லாமல் கடந்துபோவதும் உண்டு. இந்த வேறுபாட்டுக்கு விடை தெரியாததால்தான் இதைப்பற்றிய ஐயங்களும் வதந்திகளும் பெருகுகின்றன. விடையின் பெரும்பகுதி விமானத்தில் இல்லை; அது கடந்து செல்லும் காற்றில் இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பெயரும் பொருளும்

பலரும் இதைப் ‘புகை’ என்கிறார்கள். பார்ப்பதற்குப் புகைபோல் இருந்தாலும் இது புகை அன்று. மிக நுண்ணிய பனித்துகள்களின் திரள், அதாவது மனிதச் செயலால் உண்டான ஒரு மேகம். ஆங்கில வழக்கைத் தழுவிக் ‘கான்ட்ரெயில்’ என்று இதை அழைப்பர். இக்கட்டுரையில் ‘ஆவித்தடம்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

உலக வானிலை அமைப்பு 2017இல் புதுப்பித்து வெளியிட்ட பன்னாட்டு மேக வரைபடத் தொகுப்பில், குறைந்தது 10 நிமிடங்கள் நிலைத்திருக்கும் ஆவித்தடத்துக்கு ‘சிர்ரஸ் ஹோமோஜெனிடஸ்’ என்ற முறையான பெயரே தரப்பட்டுள்ளது. மனிதரால் தோன்றிய கீற்று மேகம் என்பது அதன் பொருள்.

## காற்று எவ்வளவு ஆவியைத் தாங்கும்?

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீராவி எப்போதும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்றில் ஆவியாகவே தங்கியிருக்கக்கூடிய நீரின் அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை எட்டிய நிலையைத் தெவிட்டு நிலை என்கிறோம். வரம்பில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைச் சதவீதத்தில் சொல்வதுதான் ஒப்பு ஈரப்பதம். வரம்பைத் தாண்டிய ஆவி, ஒட்டிக்கொள்ள ஒரு நுண்துகள் கிடைத்தால், துளியாகவோ பனியாகவோ மாறும்.

இங்கே கவனிக்க வேண்டியது, வெப்பநிலை ஏற ஏற அந்த வரம்பு சீராக உயர்வதில்லை, பாய்ந்து உயர்கிறது என்பதாகும். ஒரு கன மீட்டர் காற்று 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 4.8 கிராம் ஆவியைத் தாங்கும். 15 டிகிரியில் 12.8 கிராம், 30 டிகிரியில் 30 கிராமுக்குச் சற்று மேல். வெப்பநிலை சம அளவில் ஏறினாலும், முதல் 15 டிகிரிக்கு 8 கிராமும் அடுத்த 15 டிகிரிக்கு 17 கிராமுக்கு மேலும் கூடுகிறது. இதை வரைபடமாக வரைந்தால் மேல்நோக்கி வளையும் ஒரு கோடு கிடைக்கும். ஆவித்தடத்தின் கதை முழுவதும் இந்த வளைவில்தான் அடங்கியிருக்கிறது.

## கலப்பதால் பிறக்கும் மேகம்

80 சதவீத ஈரப்பதம் கொண்ட இரண்டு காற்றுப் பொதிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 30 டிகிரியில், மற்றது 0 டிகிரியில் இருக்கிறது. முதலாவதில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் ஆவி இருக்கும். இரண்டாவதில் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இரண்டுமே வரம்பைத் தொடவில்லை, இரண்டிலும் ஒரு துளி நீரும் இல்லை. இப்போது இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால், கலவையின் வெப்பநிலை 15 டிகிரிக்கு அருகில் வரும். ஆவியின் சராசரி 14 கிராமாக இருக்கும். ஆனால் 15 டிகிரியில் காற்று தாங்கக்கூடியது 12.8 கிராம்தான். மிஞ்சிய ஒரு கிராமுக்கு மேற்பட்ட நீர் துளிகளாக வெளிவந்தே ஆக வேண்டும்.

ஈரமும் வெப்பமும் மிகுந்த காற்று, குளிர்ந்த காற்றோடு கலப்பதாலேயே மேகம் தோன்றலாம் என்பதற்கு இது எளிய சான்று. குளிர்ந்த விடியற்காலையில் நாம் விடும் மூச்சு வாயருகே வெண்மையாகத் தெரிவதும் இதனால்தான். அந்த மூச்சு இரண்டு சாண் தொலைவு போவதற்குள் மறைந்துவிடுவதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அது தேவைப்படும்.

## இயந்திரத்திலிருந்து வெளிவந்த பின்

ஜெட் விமானங்கள் எரிப்பது மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருள். அதிலுள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ 1.25 கிலோ நீராவியும் 3.15 கிலோ கரியமில வாயுவும் வெளிவருகின்றன. எரித்த பொருளைவிட வெளிவரும் நீரின் எடை கூடுதலாக இருப்பது வியப்பாகத் தோன்றலாம். காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் எடையும் அதில் சேர்ந்திருப்பதே காரணம். இவற்றோடு நுண்ணிய கரித்துகள்களும் சிறிதளவு கந்தகச் சேர்மங்களும் வருகின்றன. கிலோ ஒன்றுக்கு நூறு இலட்சம் கோடி முதல் ஆயிரம் இலட்சம் கோடி வரையிலான கரித்துகள்கள் வெளிவரலாம்.

விமானம் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரிக்கும் மைனஸ் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும். இந்தச் சூழலில் நிகழ்வது வருமாறு:

1. சில நூறு டிகிரி வெப்பத்தோடு வெளிவரும் கழிவு வாயு, சுற்றியுள்ள கடுங்குளிர்க் காற்றோடு வேகமாகக் கலக்கிறது.
2. கலவை குளிரக் குளிர, தாங்கும் வரம்பு அதிலுள்ள ஆவியைவிட விரைவாகச் சரிந்து, ஒரு கட்டத்தில் ஆவி வரம்பைத் தாண்டுகிறது.
3. மிகையான ஆவி கரித்துகள்களின் மேல் படிந்து நுண்துளிகளாகிறது. நேரடியாகப் பனியாகாமல் முதலில் துளியாவதே இங்கு வழக்கம்.
4. அத்துளிகள் நொடியின் ஒரு சிறு பங்குக்குள் உறைந்து பனித்துகள்களாகின்றன. தொடக்கத்தில் ஒவ்வொன்றின் அளவும் ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டியிருக்கும். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு என்றால்கூட மிகையாகாது.

இவை நடந்து முடியச் சிறிது தொலைவு தேவை. ஆகவேதான் கூர்ந்து பார்த்தால் இயந்திரத்துக்கும் வெள்ளைக்கோட்டின் தொடக்கத்துக்கும் இடையே ஒரு தெளிவான இடைவெளி தெரிகிறது. விமானம் நொடிக்கு ஏறத்தாழ 250 மீட்டர் வேகத்தில் செல்வதால், ஒரு நொடியில் பத்தில் ஓரிரு பங்கு என்ற கால அளவே வானில் சில பத்து மீட்டர் இடைவெளியாகிவிடுகிறது. புகையாக இருந்தால் அது இயந்திரத்தின் வாயிலிருந்தே தொடங்கியிருக்கும். ஒரு தொலைநோக்கி கையில் இருந்தால் எவரும் தம் கண்ணாலேயே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

## தோன்றும் எல்லையும் ஓர் எதிர்பாராத உண்மையும்

எந்தச் சூழலில் ஆவித்தடம் தோன்றும் என்பதை 1941இல் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஷ்மிட் வெப்ப இயக்கவியல் வழியாகக் கணக்கிட்டுக் காட்டினார். 1953இல் அமெரிக்க வானிலையாளர் ஹெர்பர்ட் ஆப்பிள்மன் அதை நடைமுறைக்கு ஏற்ற வரைபடமாக்கினார். இருவர் பெயராலும் வழங்கும் இந்த விதி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. போர்க்காலத்தில் இக்கேள்வி எழுந்ததற்குக் காரணம் தெளிவானது: வெள்ளைக்கோடு ஒரு போர் விமானத்தின் இருப்பிடத்தை நெடுந்தொலைவுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

விதியின் சாரம் இதுதான். வெளிக்காற்று ஒரு குறிப்பிட்ட எல்லை வெப்பநிலையைவிடக் குளிர்ந்திருந்தால் ஆவித்தடம் தோன்றும், இல்லையேல் தோன்றாது. அந்த எல்லை, காற்றின் அழுத்தம், ஈரப்பதம், எரிபொருளின் வகை, இயந்திரத்தின் திறன் ஆகிய நான்கையும் பொறுத்தது. உலர்ந்த காற்றுக்குக் கூடுதல் குளிர் வேண்டும். வெப்பமண்டலப் பகுதிகளில் அதே 10 கிலோமீட்டர் உயரத்துக் காற்று, துருவப் பக்கம் இருப்பதைவிட வெப்பமானது என்பதால் அங்கே எல்லை பல நேரங்களில் எட்டப்படுவதில்லை.

நான்காவது காரணியான இயந்திரத் திறன் சற்று நின்று பார்க்கத் தக்கது. இயந்திரம் மேம்பட்டால் ஆவித்தடம் குறையும் என்றுதான் நாம் எண்ணுவோம். நடப்பது நேர்மாறு. திறன் மிகுந்த இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பங்கை உந்துவிசையாக்கிவிடுவதால், கழிவு வாயுவோடு வீணாகும் வெப்பம் குறைகிறது. ஆனால் ஒரு கிலோ எரிபொருளிலிருந்து வரும் நீராவி மட்டும் குறைவதில்லை. நீர் அதே அளவு, வெப்பம் குறைவு என்றால் கலவை எளிதில் வரம்பைத் தாண்டும். ஜெர்மானிய விண்வெளி மைய ஆய்வாளர்கள் பழைய போயிங் 707 ஒன்றையும் புதிய ஏர்பஸ் ஏ340 ஒன்றையும் அருகருகே பறக்கவிட்டுப் பார்த்தபோது, குறிப்பிட்ட உயர வரம்பில் ஏ340க்குப் பின்னால் மட்டும் ஆவித்தடம் தோன்றியது. ‘முன்பெல்லாம் இவ்வளவு கோடுகள் இல்லையே’ என்று சொல்வோரின் கவனிப்பு முற்றிலும் தவறன்று என்பதற்கு இதுவும், பெருகிவிட்ட விமானப் போக்குவரத்தும் காரணங்கள்.

## மறைவதும் நிலைப்பதும்

தோன்றுவது ஒரு கேள்வி, நிலைப்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான ஐயங்கள் பிறக்கின்றன.

குளிர்காலை மூச்சு இரண்டு சாண் தொலைவில் மறைவதை முன்பே சொன்னோம். சுற்றியுள்ள காற்று வரம்புக்குக் கீழே இருப்பதால், கலப்பு மேலும் தொடர்ந்ததும் துளிகள் மீண்டும் ஆவியாகிவிடுகின்றன. உலர்ந்த மேற்காற்றில் ஆவித்தடத்துக்கும் இதே கதிதான். பனித்துகள்கள் நேரடியாக ஆவியாகிக் கோடு குட்டை வாலாகவே நின்றுவிடுகிறது.

ஆனால் மேல்வானில் சில அடுக்குகளில் நிலைமை வேறு. நீர்த்துளிக்கு ஒரு தெவிட்டு வரம்பு, பனிக்கட்டிக்கு அதைவிடக் குறைந்த ஒரு வரம்பு என இரண்டு வரம்புகள் உள்ளன. மைனஸ் 40 டிகிரியில் நீருக்கான வரம்பு பனிக்கட்டிக்கானதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உயர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஈரப்பதம் கொண்ட காற்றைப் பனிக்கு மிகைத்தெவிட்டிய காற்று என்கிறோம். அங்கே பனித்துகள் ஏற்கெனவே இருந்தால் அது வளரும். ஆனால் புதிய துகள் தானாகத் தோன்றுவது கடினம். ஆகவே மேகமாக மாறுவதற்கான ஈரம் முழுவதும் இருந்தும், தொடங்கிவைக்க ஆளின்றி, அக்காற்று தெளிவாகவே கிடக்கிறது. விமானம் அந்த அடுக்கில் நுழைந்து கோடிக்கணக்கான பனித்துகள்களைத் தூவிச் செல்லும்போது, காத்திருந்த ஈரம் அவற்றின் மேல் படியத் தொடங்குகிறது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். இரட்டை இயந்திரம் கொண்ட நடுத்தரப் பயணிகள் விமானம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ எரிபொருள் எரிப்பதாகக் கொள்வோம். அப்படியானால் அது கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் வெளியிடும் நீர் 4 கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது. மைனஸ் 50 டிகிரியில், பனிக்கான வரம்பைவிட 20 சதவீதம் மிகையான ஈரம் கொண்ட காற்றில், கன மீட்டருக்கு 0.008 கிராம் நீர் உபரியாக இருக்கும். தடம் 1 கிலோமீட்டர் அகலமும் 200 மீட்டர் உயரமுமாகப் பரவிவிட்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை கிலோ பனி சேரலாம். விமானம் தந்ததைவிட இது சில நூறு மடங்கு. எனவே வானில் பரவிக் கிடக்கும் பழைய ஆவித்தடத்தில் நாம் காண்பது அநேகமாக முழுவதும் அந்தக் காற்றிலேயே இருந்த நீர். விமானம் விதையை மட்டுமே போட்டது.

இத்தகைய ஈர அடுக்குகள் பெரும்பாலும் சில நூறு மீட்டர் தடிமனே கொண்டவை. பக்கவாட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல் விரிந்திருக்கலாம். ஒரு விமானம் அடுக்கினுள்ளும் மற்றொன்று 300 மீட்டர் மேலேயும் பறந்தால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே உயரத்தில் செல்வதுபோலத்தான் தோன்றும்; கோடு ஒன்றுக்கு மட்டுமே இருக்கும். கோடு திடீரென அறுந்து, சற்றுத் தள்ளி மீண்டும் தொடங்குவதும் அடுக்கின் எல்லையைக் காட்டுகிறதே தவிர, யாரும் எதையும் மூடித் திறப்பதைக் காட்டவில்லை.

## கோட்டின் உருவம் மாறுவது

விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு காற்றுச் சுழல்கள் புறப்படுகின்றன. இயந்திரங்களின் கழிவு வாயுவை இவை உள்ளிழுத்துக்கொள்வதால், நான்கு இயந்திர விமானத்தின் நான்கு கோடுகளும் விரைவில் இரண்டாகச் சேர்ந்துவிடுகின்றன. சுழல் இணை மெதுவாகக் கீழே இறங்கும். இறங்கும் காற்று அமுங்கிச் சூடாவதால் துகள்களில் ஒரு பகுதி அழியும். ஓரிரு நிமிடங்களில் சுழல்கள் அலைபோல் நெளிந்து ஒன்றையொன்று தொட்டு வளையங்களாக உடைகின்றன. எஸ். சி. குரோ 1970இல் இந்த நிலையின்மையை விளக்கினார். கோட்டின் அடியில் சீரான இடைவெளியில் தொங்கும் குஞ்சங்கள் இதன் விளைவே. அதன்பின், உயரத்துக்கு உயரம் மாறும் காற்றின் வேகம் தடத்தை இழுத்து அகலப்படுத்துகிறது.

ஈரமான நாள்களில் தரையிறங்கும் விமானத்தின் இறக்கை நுனியில் மின்னி மறையும் மெல்லிய கயிறு போன்ற கோடு இதனின் வேறு. சுழலின் மையத்தில் அழுத்தம் குறைந்து காற்று குளிர்வதால் அது தோன்றுகிறது. எரிபொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

## ‘கெம்ட்ரெயில்’ என்னும் ஐயம்

நிலைத்து நிற்கும் கோடுகள் வேதிப்பொருள் தெளிப்பு என்ற கருத்து 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவி வருகிறது. அதை நம்புவோரை இகழ்வதால் பயனில்லை; அவர்கள் முன்வைக்கும் சான்றுகளை எடுத்துப் பார்ப்பதே முறை.

1. ‘பழங்காலத்துக் கோடுகள் உடனே மறைந்தன’ என்பது ஒரு வாதம். 1940இல் பிரிட்டன் வான்பரப்பில் நடந்த போரின் ஒளிப்படங்களிலும், பின்னர் ஜெர்மனி மீது பறந்த குண்டுவீச்சு விமானங்களின் படங்களிலும் வானத்தை நிறைத்து நிற்கும் தடங்களைக் காணலாம். அவை உந்துதண்டு இயந்திரம் கொண்ட விமானங்கள். பெட்ரோல் எரிந்தாலும் நீராவி வரத்தான் செய்யும்.
2. விமானத்தினுள் வரிசையாக நிற்கும் உலோகப் பீப்பாய்களின் படங்கள் அடிக்கடி பகிரப்படுகின்றன. புதிய விமானங்களைச் சோதனையிடும்போது பயணிகளின் எடைக்கு ஈடாக நீர் நிரப்பி வைக்கும் பீப்பாய்கள் அவை. நீரை ஒரு பீப்பாயிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி எடைச் சமநிலையைச் சோதிப்பார்கள்.
3. கட்டம் கட்டமாகக் கோடுகள் குறுக்கிடுவது திட்டமிட்ட தெளிப்புபோல் தோன்றலாம். விமானங்கள் வகுக்கப்பட்ட வான்வழிகளில் செல்வதும், நிற்கும் கோடுகளைக் காற்று நகர்த்திச் செல்ல அதே வழியில் புதியவை வரையப்படுவதும் அந்தக் கட்டத்தை உண்டாக்குகின்றன.

2016இல் வெளியான ஓர் ஆய்வில் வளிமண்டல வேதியியல், புவி வேதியியல் துறைகளைச் சேர்ந்த 77 வல்லுநர்களிடம் கேட்டபோது, 76 பேர் இரகசியத் தெளிப்புக்கான சான்று எதையும் தாம் கண்டதில்லை என்றனர்.

## உண்மையாகவே கவலைக்குரியது

ஆவித்தடத்தால் தீங்கே இல்லை என்று இதைக் கொண்டு முடிவு செய்துவிடக் கூடாது. என் கருத்தில், இல்லாத நஞ்சைப்பற்றிய விவாதம் இருக்கின்ற சிக்கலை மறைத்துவிடுவதுதான் இதில் பெரிய இழப்பு.

பரவிய பனிமேகம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பகலில் சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் பூமியைச் சற்றுக் குளிர்விக்கிறது. இரவும் பகலும் பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்களைத் தடுத்துச் சூடாக்குகிறது. இரவில் முதல் வேலைக்கு இடமில்லை என்பதால் வெப்பமேற்றம் மட்டுமே மிஞ்சும். ஒட்டுமொத்தக் கணக்கில் சூடாக்குவதே மேலோங்குகிறது. 2018ஆம் ஆண்டு நிலவரப்படி ஆவித்தட மேகங்களின் விளைவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 57 மில்லிவாட் என்றும், விமானங்கள் அதுவரை வெளியிட்ட கரியமில வாயுவின் விளைவு 34 மில்லிவாட் என்றும் ஒரு விரிவான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. முதல் எண் 17 முதல் 98 வரை எங்கும் இருக்கலாம் என்று அதே ஆய்வு சொல்வதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2001 செப்டம்பரில் அமெரிக்க வானில் பயணிகள் விமானங்கள் மூன்று நாள்கள் நிறுத்தப்பட்டபோது, பகல்–இரவு வெப்பநிலை வேறுபாடு கூடியதாக 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்நாள்களின் இயல்பான தெளிந்த வானிலையே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பின்வந்தவர்கள் மறுத்தனர். மூன்று நாள் தரவைக் கொண்டு எதையும் அடித்துச் சொல்ல இயலாது என்பதே நேர்மையான நிலை.

## தவிர்க்க முடியுமா?

நிலைத்த தடங்களை எல்லா விமானங்களும் சமமாக உண்டாக்குவதில்லை. ஜப்பானிய வான்பரப்பை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, 2.2 சதவீதப் பறப்புகளே ஆவித்தட வெப்ப விளைவில் 80 சதவீதத்துக்குக் காரணம் என்று கண்டது. ஆகவே ஒரு சில விமானங்களை மட்டும் சில நூறு மீட்டர் மேலோ கீழோ நகர்த்தி ஈர அடுக்கைத் தவிர்த்தாலே பெரும்பயன் கிடைக்கக்கூடும். 2023இல் கூகுளும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 70 பறப்புகளில் இதைச் சோதித்து, செயற்கைக்கோள் படங்களின்படி தடங்கள் 54 சதவீதம் குறைந்ததாக அறிவித்தன. விலகிப் பறந்த விமானங்களுக்குக் கூடுதலாக 2 சதவீத எரிபொருள் செலவானது.

எரிபொருளை மாற்றுவது இன்னொரு வழி. வளையச் சேர்மங்கள் குறைந்த எரிபொருள் கரித்துகள்களைக் குறைக்கிறது. கலப்பு எரிபொருளைக் கொண்டு நாசாவும் ஜெர்மானிய விண்வெளி மையமும் நடத்திய வான்சோதனைகளில் பனித்துகள்களின் எண்ணிக்கை 50 முதல் 70 சதவீதம் வரை குறைந்தது. துகள்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் பெரிதாக வளர்ந்து விரைவில் கீழே விழுந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல், கரியமில வாயு அல்லாத இத்தகைய விளைவுகளையும் விமான நிறுவனங்கள் கண்காணித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று விதித்துள்ளது.

வழிமாற்றும் முறையில் ஒரு கடினமான எடைபோடல் இருக்கிறது. ஆவித்தடத்தின் ஆயுள் சில மணி நேரம். அதைத் தவிர்க்கக் கூடுதலாக எரித்த எரிபொருளின் கரியமில வாயு வளிமண்டலத்தில் நூற்றாண்டுக்கணக்கில் தங்கும். முன்கணிப்பு தவறி, ஈரமே இல்லாத அடுக்கிலிருந்து விமானத்தை விலக்கிவிட்டால், நட்டம் மட்டுமே மிஞ்சும். அந்த உயரத்தின் வெப்பநிலையை இன்றைய வானிலை மாதிரிகள் நன்றாகவே கணிக்கின்றன. ஈரப்பதத்தைக் கணிப்பதில்தான் தடுமாறுகின்றன. பயணிகள் விமானங்களில் மிகச் சிலவே அந்தக் கடுங்குளிரில் துல்லியமாக அளக்கவல்ல ஈரப்பதமானிகளைச் சுமந்து செல்கின்றன. அந்த எண்ணிக்கை உயரும்வரை, எந்த விமானத்தை எந்த உயரத்துக்கு மாற்றுவது என்ற முடிவைக் குறைந்த தரவைக் கொண்டே எடுக்க வேண்டியிருக்கும்.